முதலில் கூலி, பிறகு காணிக்கை



செல்வர் விண்ணரசில் நுழைவது எத்துணை அரிது என்று ஆண்டவர் உரைத்த பகுதி திருப்பலியில் வாசிக்கப்படும் ஞாயிறுகளில், கோயிலுக்குள் ஒருவித அமைதி நிலவுவதை நாம் பல பங்குகளில் கண்டிருக்கிறோம். பின்னால் இருப்போர் சற்று நிமிர்ந்து அமர்கின்றனர். முன்னால் இருப்போர் தரையை நோக்குகின்றனர். மறையுரை ஆற்றும் குருவோ, இரு சாராருக்கும் மனம் நோகாதபடி நாலு வார்த்தை சொல்லி முடித்து விடுகிறார். அவ்வாறு முடித்த குருக்களுள் நாமும் ஒருவர். அதனால் விளைந்தது ஒன்றைப் பல ஆண்டுகள் நெஞ்சிலே சுமந்து வந்தோம். இன்று உங்கள்முன் அதை இறக்கி வைக்கிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட செய்தியன்று. பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் பேசியது. இதில் வரும் இருவரும் எழுதுவதற்கு மனமுவந்து இசைந்துள்ளனர். ஊரும் பேரும் மட்டும் வேண்டாம் என்றனர், அவ்வாறே செய்கிறோம்.

ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், தூத்துக்குடிக் கடற்கரையை அடுத்த ஒரு பங்கில் பணியாற்றினோம். நம் நாட்டில் குஜராத்திற்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழகத்தில்தான். அதில் பெரும்பகுதி அக்கரையோரத்தைச் சேர்ந்தது. நம் பங்கு மக்களுள் பாதிப்பேர் உப்பளத்தை நம்பி வாழ்ந்தனர். விடியுமுன் எழுந்து செல்வர். வெயில் ஏறுமுன் உப்பை வாரி வரப்பிலே குவிப்பர். பெண்கள் தலைச்சுமையாக எடுத்துச் சென்று கொட்டுவர். உப்பு நீரில் ஊறிய பாதங்களில் புண் ஆறுவதில்லை. வெள்ளை வெளேரென்ற அந்தக் கூசொளியில் கண்கள் சீக்கிரமே மங்கிவிடும். ஐப்பசி மழை தொடங்கினால் வேலை இல்லை. முன்பணம் வாங்கித்தான் அடுப்பெரிய வேண்டும்.

அப்பங்கில் உப்பள முதலாளி ஒருவர் இருந்தார். ஊரார் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம். இளமையில் பிறர் உப்பளத்தில் சுமை தூக்கியவர். சிறுகச் சேர்த்துச் சில ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, படிப்படியாக வளர்ந்தவர். குடிப்பழக்கம் இல்லை; பொய்க் கணக்கு இல்லை; ஞாயிறு திருப்பலிக்குத் தவறியதில்லை. அவரிடம் அப்போது நாற்பத்தாறு பேர் வேலை செய்தனர்.

மேற்சொன்ன நற்செய்தி வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கு மறுநாள் மாலை அவர் நம்மைத் தேடி வந்தார். வெகுநேரம் எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, எழும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

“சாமி, இன்னும் அம்பது ஏக்கர் எடுக்கலாமுன்னு இருக்கேன். பாங்கிலே கடன் தாரோம்னு சொல்லுதாக. பையனும் படிச்சு முடிச்சு வந்துட்டான். ஆனா நேத்து நீங்க வாசிச்சதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை. மேலே வரணும்னு நினைக்கிறது பாவமா? என்னைப் போல உள்ளவனுக்கு மோட்சம் உண்டா, இல்லையா?”

ஒரு பங்குத்தந்தையிடம் இதைவிட நேர்மையான கேள்வியை எவரும் கேட்க முடியாது. நாம் அளித்த விடையோ இது: “வளர நினைப்பது பாவமன்று, அண்ணாச்சி. ஆண்டவர் தந்ததில் ஒரு பங்கை ஆண்டவருக்கே கொடுங்கள். நம் கோயில் மணியில் விரிசல் விழுந்திருக்கிறது. திருவிழாவிற்குள் புது மணி ஒன்று வந்தால் நன்றாயிருக்கும்.”

இவ்வாக்கியங்களுள் முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மற்றவை நம்முடைய தேவை. அவர் முகம் மலர்ந்தது. தம் ஆன்மாவின் கணக்கு நேராகிவிட்டது என்று நம்பி வீடு திரும்பினார். நாமும் மணி கிடைத்த மகிழ்ச்சியில் உறங்கச் சென்றோம்.

திருவிழாக் கொடியேற்றத்திற்கு முன்பே மணி வந்து சேர்ந்தது. கோபுரத்தின் கீழே அவர் குடும்பத்தார் பெயரில் ‘உபயம்’ என்று பளிங்குக்கல் பதிக்கப்பட்டது. மணியோசை உப்பளம்வரை கேட்டது என்று எல்லாரும் வியந்தனர். நவநாளின் ஏழாம் நாள் இரவு, சப்பரம் திரும்பிய பின், உப்பளத்தில் சுமை தூக்கும் கைம்பெண் ஒருவர் திருப்பண்ட அறையின் வாசலில் தயங்கி நின்றார். மகனுக்குப் பள்ளியில் கட்ட வேண்டிய பணத்திற்காக ஐந்நூறு ரூபாய் கைமாற்று வேண்டுமென்றார்.

“அண்ணாச்சியிடம் கேட்கலாமே, அம்மா?” என்றோம்.

“ஏழு வாரமா கூலி பாக்கி, சாமி. மணி வாங்கின செலவிலே கை நெருக்கடியா இருக்காம். திருவிழா முடியட்டும்னு கணக்கப்பிள்ளை சொல்லிட்டாரு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க, சாமி.”

ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து அனுப்பினோம். ஆனால் மறுநாள் விடியற்காலை கோயில்பிள்ளை அம்மணியை அடித்தபோது, அதை இனிமையாகக் கேட்க நம்மால் இயலவில்லை. வயலை அறுத்தவர்களுக்குக் கொடாது பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகின்றது என்றும், அக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியிருக்கின்றது என்றும் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கின்றார். ஏழைக் கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது சாயுமுன்னே கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் அவன் உயிர் அதை நம்பியிருக்கிறது என்பது இணைச் சட்ட நூலின் கட்டளை. தேவநீதியை நோக்கிக் கூவியழைக்கும் பாவங்கள் நான்கென்று நாம் சிறுவராயிருந்தபோது ஞானோபதேசத்தில் ஒப்புவித்தோமே! வேலையாளின் கூலியை மறுப்பது அந்நான்கில் ஒன்றல்லவா? குருமடத்தில் இவற்றையெல்லாம் படித்துத் தேறிய நாம், கூலிப்பணத்தில் மணி வார்த்துக் கோபுரத்தில் ஏற்றியிருந்தோம்.

அவ்வேளையில் நம் அன்னையின் நினைவு வந்தது. நம் தந்தை ஒரு சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். செவ்வாய்தோறும் அந்தோனியார் கெபிக்குப் பெரிய மெழுகுவத்தி ஒன்றை வாங்கிச் செல்வார். கடையில் எண்ணெய் அளக்கும் உழக்கோ ஒருபுறம் நசுங்கிய பழைய உழக்கு. அளவில் சிறிது குறையும். ஒரு செவ்வாய்க்கிழமை நம் அன்னை அவரிடம், “அந்தோனியாருக்கு மெழுகுவத்தி வேண்டாம்; அந்தக் காசுக்குப் புது உழக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்றார். தந்தை சினந்தார், இரண்டு நாள் பேசவில்லை, பின் புது உழக்கு வாங்கினார். அதனால் கடை பெருகவும் இல்லை, நொடிக்கவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் அன்று சொன்னதையே, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் போதித்திருக்கின்றது. நீதியின்படி ஒருவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டதை அன்பின் கொடையென்று காட்டிக் கொடுத்தலாகாது. நீதியின் கடன் முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்பதே அப்போதனையின் சாரம்.

திருவிழா முடியும்வரை காத்திருக்க மனம் ஒப்பவில்லை. அன்று மாலையே அண்ணாச்சியின் வீட்டிற்குச் சென்றோம். அந்த அம்மையாரைப் பற்றி வாய் திறக்கவில்லை. “கூலி எத்தனை வாரம் பாக்கி?” என்று மட்டும் கேட்டோம். அவர் முகம் சிவந்தது.

“மணி கேட்டது நீங்கதானே, சாமி?”

“கேட்டது நாம்தான். அதனால்தான் வந்திருக்கிறோம்.”

அவர் எழுந்து உள்ளே சென்றார். திரும்பி வரமாட்டார் என்றே எண்ணினோம். கணக்குப் புத்தகத்தோடு வந்தார். உப்பு வாங்கிய வியாபாரிகள் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. கேட்டால் அடுத்த முறை சரக்கு எடுக்க மாட்டார்கள். இடையில் பருவம் தவறிப் பெய்த மழையில் குவித்த உப்புக் கரைந்தது. “எனக்கு வந்தால்தானே நான் கொடுக்க முடியும்?” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கடைக்காரர் மகனாகிய நமக்குக் கடன் வியாபாரத்தின் துன்பம் தெரியாததன்று.

ஆயினும், அக்கணக்கை வரிவரியாகப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. வங்கித் தவணை ஒரு மாதமும் தவறவில்லை. டீசலுக்கும் மின்சாரத்திற்கும் நாள் தவறவில்லை. நிலத்துக் குத்தகை தவறவில்லை. மணி வார்த்தவருக்கு முழுத்தொகையும் முன்னதாகவே போயிருந்தது. காத்திருந்தவர்கள் அந்த நாற்பத்தாறு பேர் மட்டுமே. வங்கி வட்டி போடும். மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும். நிலத்துக்காரர் நிலத்தைத் திரும்பக் கேட்பார். உப்புச் சுமக்கும் பெண் என்ன செய்வாள்? வாசலில் நிற்பாள், நாளை வாவென்றால் நாளை வருவாள். ஏழு வாரமும் அவர்கள் அந்த முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கின்றனர். அக்கடனை அவர் கேட்டு வாங்கவுமில்லை. ஊரிலேயே மிக ஏழைகளிடம் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறோம் என்பது அன்றுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை. மெல்லிய குரலில் இதைச் சொன்னோம். அவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. “போயிட்டு வாங்க, சாமி” என்று மட்டும் சொன்னார். அடுத்த இரண்டு ஞாயிறும் அவரைக் கோயிலில் காணவில்லை.

அவ்விரண்டு வாரங்களிலும், அன்றொரு நாள் அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையைத் தேடி மீண்டும் படித்தோம். அதைச் சுருங்கச் சொல்கிறோம்.

செல்வமே பாவம் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. ஆண்டவருக்கும் அவர்தம் சீடருக்கும் பெண்கள் சிலர் தம் உடைமையைக் கொண்டு பணிவிடை செய்தனர் என்று லூக்கா எழுதுகின்றார். ஆண்டவரைத் தம் சொந்தக் கல்லறையில் அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பு செல்வர். பிலிப்பி நகரில் பவுலடியாரை வீட்டில் ஏற்ற லீதியா, செந்நிறத் துணி விற்ற வணிகப் பெண். தாலந்து உவமையைப் பாருங்கள். அக்காலத்துக் கூலிக்கணக்கில், ஒரு தாலந்து என்பது ஓர் உழைப்பாளியின் ஏறத்தாழ இருபது ஆண்டுக் கூலி! அத்துணைப் பெருந்தொகையை மண்ணில் புதைத்தவனையே தலைவன் கடிந்தான். வாணிகம் செய்து பெருக்கியவர்களை அன்று. ஆகவே முயற்சியும் திறமையும் தொழிலை வளர்க்கும் ஆர்வமும் இறைவன் தந்த கொடைகளே. 1991இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட சுற்றுமடலும் இலாபத்தை இழிவென்று தள்ளவில்லை. ஒரு தொழில் செம்மையாய் நடப்பதற்கு இலாபம் ஓர் அடையாளம் என்று ஏற்கின்றது. ஆனால் அது ஒன்றே அடையாளமன்று. கணக்கு நேராயிருக்கும்போதே அத்தொழிலில் உழைக்கும் மனிதர் சிறுமைப்பட்டிருக்கவும் கூடும் என்று எச்சரிக்கின்றது. இதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன், 1891இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடல் தனியுடைமை உரிமையையும் காத்தது. உழைப்பவன் குடும்பத்தோடு மாண்புடன் வாழப் போதிய கூலி பெறும் உரிமையையும் காத்தது. 2025இல் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை பதினான்காம் லியோ, அவரை நினைந்தே அப்பெயரைத் தேர்ந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவ்வாறாயின் அறிவற்ற செல்வன் உவமையில் குற்றம் எது? அவன் நிலம் நன்றாய் விளைந்தது குற்றமன்று. பெரிய களஞ்சியம் கட்ட எண்ணியதுகூட முதற்குற்றமன்று. அவன் தனக்குள் பேசிய பேச்சைக் கவனியுங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள் என்று எல்லாம் ‘என்’ மயமாகவே இருக்கின்றது. அவ்விளைச்சலை அறுத்தவர் எவரும் அவன் பேச்சில் வருவதே இல்லை. சக்கேயுவைப் பாருங்கள். உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தவர், அதோடு நிற்கவில்லை. எவரிடமாவது ஏமாற்றிப் பறித்திருந்தால் நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகவும் சொன்னார். தருமத்தைச் சொல்லித் தம் கடனை மறைத்துக்கொள்ள அவர் முயலவில்லை. நாமோ அண்ணாச்சிக்குத் தருமத்தை மட்டும் கற்பித்தோம். கடனைக் கேட்க மறந்தோம்.

வணிகரும் புனிதராகலாம் என்பதற்குச் சான்று வேண்டுமா? இத்தாலியில் கிரெமோனா நகரத்துத் துணி வணிகர் ஹோமோபோனுஸ் மணமானவர். தொழிலைத் துறவாமலே ஏழைகளுக்கு வாழ்ந்தவர். 1197இல் திருப்பலி வேளையில் உயிர் நீத்தார். 1199இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். நம் காலத்துக்கு அண்மையில், அர்ஜென்டினா நாட்டில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றின் தலைமைப் பொறுப்பிலிருந்த என்ரிக்கே ஷா, ஆட்குறைப்பு அச்சுறுத்தியபோது தொழிலாளர் பக்கம் நின்று போராடினார். புற்றுநோயால் அவர் வாடியபோது அத்தொழிலாளர்களே திரண்டுவந்து அவருக்குக் குருதி கொடுத்தனர். 1962இல் இறந்த அவரைத் திருச்சபை 2021இல் வணக்கத்துக்குரியவராக ஏற்றது. தொழிலாளரின் குருதியை உறிஞ்சும் முதலாளி என்று மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறோம். தொழிலாளர் தாமே குருதி கொடுத்துக் காக்க முன்வந்த முதலாளியும் உண்டு.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை அண்ணாச்சி வந்தார். அமரவில்லை. “மூணு சனிக்கிழமையிலே பாக்கி முழுதும் தீர்ந்துரும், சாமி. இனிமே வாரக் கூலிக்குன்னு தனிக் கணக்கு வச்சுட்டேன். அதிலே வேற எதுக்கும் கை வைக்க மாட்டேன்” என்றார். அதற்காக மனைவியின் நகையை அடகு வைத்திருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். ஐம்பது ஏக்கர்த் திட்டத்தைக் கைவிட்டார். அந்நிலத்தை அவருடைய போட்டியாளர் எடுத்தார். “வலிக்கத்தான் செய்யுது, சாமி. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்” என்றார். நேர்மையாய் நடந்தவருக்கு ஆண்டவர் இருமடங்காய்க் கொடுத்தார் என்று எழுதி முடிக்க நமக்கும் ஆசைதான். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து இருபது ஏக்கர் எடுத்தார், அவ்வளவே. அவருடைய கணக்குப் புத்தகத்தில் இலாபம் குறைந்ததை நாம் கண்டோம். ஆனால் அவர் உறங்கினார்.

நம் பங்கிற்கான கடனும் இருந்தது. கூலிப்பணத்தில் வந்த மணியை வைத்துக்கொண்டு அவரை மட்டும் திருந்தச் சொல்வது முறையாகுமா? பங்குப் பேரவையைக் கூட்டி, ‘அண்ணாச்சிக்கு மணியின் விலையில் பாதியைத் திருப்பித் தர வேண்டும், அடுத்த ஆண்டு வாணவேடிக்கையும் பேண்டு வாத்தியமும் வேண்டாம்’ என்றோம். காரணத்தை முழுதும் சொல்லவும் இயலவில்லை. கடும் எதிர்ப்பு எழுந்தது. கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எந்த ஊரில் உண்டு என்றனர். சாமியார் திருவிழாவைக் கெடுத்துவிட்டார் என்ற பேச்சு நாம் மாற்றலாகிப் போகும்வரை ஓயவில்லை. ஆயினும் தொகை திருப்பித் தரப்பட்டது. பளிங்குக்கல்லை எடுத்துவிடும்படி அண்ணாச்சியே கேட்டுக்கொண்டார். அவ்விடத்தில் இன்று ‘பங்கு மக்கள்’ என்று மட்டும் உள்ளது.

அந்த அம்மையாரிடம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்டோம். “உங்கள் கூலியில் வந்த மணி, அம்மா, தெரியாமல் வாங்கிவிட்டோம்” என்றோம். அவர் கூச்சத்தோடு சிரித்து, “மணி என்ன பாவம் செஞ்சுது, சாமி? அது அடிக்கட்டும். அதைக் கேட்டுத்தானே காலையிலே நாங்க எந்திரிக்கோம்” என்றார்.

அன்புக் குடும்பத்தினரே, உப்பள முதலாளிகள் உங்களுள் மிகச் சிலரே. ஆனால் பிறர் உழைப்பைக் காத்திருக்க வைக்காத வீடு எத்தனை? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு மாதம் பிறந்ததும் கொடுக்கிறோமா, பத்தாம் தேதிவரை இழுக்கிறோமா? தையற்காரருக்கும் கொத்தனாருக்கும் பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுக்கிறோமா? தெருவில் கீரை விற்கும் மூதாட்டியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, அதே இரண்டு ரூபாயைக் காணிக்கைப் பையில் இடுகிறோமா? குருக்களாகிய நாமும் துறவற சபையினரும் இக்கேள்விக்குத் தப்ப முடியாது. நம் உபதேசியாருக்கும் கோயில்பிள்ளைக்கும் நம் பள்ளிகளில் கற்பிக்கும் தற்காலிக ஆசிரியருக்கும் நாம் கொடுப்பது, அவர்கள் குடும்பம் மாண்புடன் வாழப் போதுமானதா? இதற்கு விடை சொல்லாமல் முதலாளிகளுக்கு மறையுரை ஆற்ற நமக்குத் தகுதி இல்லை.

உங்கள் பிள்ளைகள் பெரிதாக வளர ஆசைப்படட்டும். கடை வைக்கட்டும், தொழிற்சாலை கட்டட்டும், பத்துப் பேருக்கு வேலை கொடுக்கட்டும். அதற்காக மன்றாடுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் முதல் இலாபம் வந்த அன்று கோயிலுக்கு என்ன கொடுக்கலாம் என்று அவர்கள் உங்களிடம் கேட்டால், நாம் அன்று சொன்ன விடையைச் சொல்லாதீர்கள். “யாருக்கும் ஏதும் பாக்கி உண்டா?” என்று முதலில் கேளுங்கள். பாக்கி தீர்ந்த பின், மனமுவந்து கோயிலுக்கு வரட்டும்.

உழைத்து உண்ட நாசரேத்துத் தச்சரின் குடும்பம் உங்கள் குடும்பங்களுக்குத் துணையாயிருப்பதாக. இறையாசீர் உங்கள் இல்லங்களிலும், உங்கள் இல்லங்களுக்காக உழைப்போரின் இல்லங்களிலும் நிறைவதாக.